நைனாவின் காதில் விழாத எழுத்து

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது பொழுதுபோக்கு என்று ஒன்றுதான் மிச்சம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனில் ஊர்ந்து போகும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது. பிள்ளை ஆபீசை விட்டுக் கிளம்பிவிட்டதா, வழியில் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது. போன வாரம் என் மகனின் புள்ளி ஓர் ஏரியின் நடுவில் போய் நின்றுவிட்டது. நான் அழுது, பக்கத்து வீட்டாரையும் அழவைத்து, அமெரிக்காவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். பாலத்தின் மேல் டிராபிக்காம். "அம்மா, நீ தாத்தா மாதிரியே ஆயிட்ட" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவை, எங்கள் வழக்கில் நைனாவை, பார்த்தவர்கள் யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நைனா சித்தூர் மாங்காய் மண்டியில் எடை போடும் குமாஸ்தா. நகரிப் பக்கத்து எல்லைக் கிராமத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, தராசுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, கடைசியில் தராசே அவர் கைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து, உலகத்தில் எதையும் தாம் ஒருமுறை தூக்கிப் பார்க்காமல் விட்டால் எடை குறைந்துவிடும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா மூடிவைத்த உலையைத் திறந்து பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். ஒருநாள் கொண்டி கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, நான் இழுக்காம போயிருந்தா இன்னா ஆவுறது?" என்றார்.

அவருடைய ஆட்சிக்குத் தேர் ஒன்று இருந்தது. சாம்பல் நிற ஸ்கூட்டர். பேர் பதிந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அது வந்து சேர்ந்த பிறகுதான் நாட்டில் எல்லாம் மாறியது. கடைவீதியில் சிவப்பும் நீலமுமாகப் புது மோட்டார் பைக்குகள் வந்து நின்றன. காலையில் கேட்டால் மாலையில் கொடுத்துவிடுவார்கள் என்றார்கள். நைனா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். "காத்திருக்காம வர்றது கையில நிக்காது" என்பார். இடதுபக்கம் சாய்த்து, பெட்ரோல் இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, சோக்கை இழுத்து, உதைத்து அவர் வண்டியைக் கிளப்பும்போது தெருவே புகையும். அந்தப் புகையின் வாசனைதான் எங்கள் வீட்டுக் காலை.

முன்னால் நான் நிற்பேன். நைனாவுக்குப் பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் ஸ்டெப்னியோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் அம்மா. யாரும் தும்மக்கூடாது. வளைவில் யாராவது தெரியாமல் சாய்ந்துவிட்டால் போச்சு. "ஏன் சாயுற? வண்டிய சாய்க்கிறதுக்கு நான் இருக்கறன். நீ மூட்ட மாதிரி உக்காரு." பள்ளிக்கூடம், சந்தை, சர்ச், அக்கா நர்ஸ் வேலை பார்த்த பங்காருபாளையத்து ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர்தான் கொண்டுபோய் விட்டு, அவர்தான் கூட்டிவருவார். நடுவில் மண்டிக்கு ஓடி எடையும் போடுவார். நாங்கள் மூன்று பேரும் தனியாக ஒரு தெருவைக் கூடக் கடந்ததில்லை.

எப்போதாவது வேறு வழியில்லாமல் பஸ்ஸில் போக நேர்ந்தால் எங்களுக்கு மானம் போகும். டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். ஸ்கூட்டரில் பிரேக் வலது காலில் அல்லவா, அந்தக் கால் பஸ்ஸிலும் சும்மா இருக்காது. எதிரே மாடு தெரிந்தால் மிதிப்பார், லாரி தெரிந்தால் மிதிப்பார், வளைவு வந்தால் உடம்பையே சாய்ப்பார். அவருக்கு முன்னால் இருந்த தகரத்தில் டம் டம் என்று சத்தம் வரும். பாதி பஸ்ஸை டிரைவர் ஓட்டுவார், மீதியை நைனா ஓட்டுவார். ஊர் வந்து இறங்கும்போது டிரைவரைவிட இவர்தான் அதிகமாக வியர்த்திருப்பார்.

நாங்கள் தமிழ் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். நைனாவுக்கு பக்தி உண்டு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய ஜெபத்தைக் கேட்க வேண்டும். "ஆண்டவரே, நாளைக்குக் காலையில மழைய நிறுத்தும். பங்காருபாளையத்து லோடு உள்ள வந்தப்பறம் வேணும்னா பெய்யட்டும். ஆனா ரோட்டுப் பக்கம் வேணாம், தோப்புப் பக்கம் பெய்யட்டும், ஆமென்." கண்ணை மூடியிருக்கும் அம்மா வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள்: "அவருக்கே ரூட்டு போட்டுக் குடுக்கிறாரு."

வாக்குத்தத்த அட்டை என்று ஒன்று உங்களில் சிலர் வீட்டிலும் இருந்திருக்கும். சின்ன டப்பாவில் சுருள் சுருளாக பைபிள் வசனங்கள். எங்களுடையது பச்சை டப்பா, மூடியில் ஆட்டுக்குட்டிப் படம். காலையில் கண்ணை மூடி ஒன்றை உருவினால் அதுதான் அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது. நைனா உருவுவார், பிரித்துப் பார்ப்பார், கவலைப்படாமல் இரு என்கிற மாதிரி ஏதாவது வந்தால், "இது உங்க அம்மாவுக்கு வந்தது, மாறி வந்துட்டுது" என்று சுருட்டி உள்ளே போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பார். எழுந்திரு, காவல் காத்திரு என்கிற மாதிரி ஒன்று வரும்வரை டப்பாவை விடமாட்டார். அந்த டப்பா எந்த வீடு மாற்றலில் தொலைந்ததோ தெரியவில்லை. இன்று அந்த மாதிரி எங்கேயும் கிடைப்பதில்லை.

அந்த மாங்காய் சீசனில்தான் அக்காவுக்கு மஸ்கட்டில் வேலை வந்தது. அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராய் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். நம்பிக்கையான ஏஜெண்ட், பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் சரியாக இருந்தது. அனுப்புகிறேன் என்று நைனா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சீசன் முடிவதற்குள் சொல்லுங்கள் என்றார் ஏஜெண்ட். அக்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். வாயைத் திறந்து கேட்கவில்லை, தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பது ஒன்பது வயதுக்காரியான எனக்கே தெரிந்தது. நைனா என் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, ஸ்கேல் வைத்து சித்தூருக்கும் மஸ்கட்டுக்கும் நடுவே அளந்தார். நடுவில் கடல் இருந்தது. "ஸ்கூட்டர் போவாதே" என்றார். அவர் தமாஷுக்குச் சொல்லவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "நீங்களா முடிவு பண்ணாதீங்க. திருப்பதியில கன்வென்ஷன் நடக்குது, தெலுங்கு ஐயர் ஒருத்தர் நல்லா பேசறாராம். போய் உக்காருங்க. ஆண்டவர் ஒரு வார்த்த குடுப்பாரு. அது இன்னாவா இருந்தாலும் கேட்டுக்கலாம்." எங்கள் பக்கத்தில் பெரிய ஜெபக்கூட்டத்தைக் கன்வென்ஷன் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்வோம். நைனாவும் ஒத்துக்கொண்டார். மண்டியில் சொல்லிவிட்டு, டிபன் கேரியரோடு நான்கு பேரும் ஸ்கூட்டரிலேயே திருப்பதிக்குப் போனோம். நுழையும்போதே ஜீப்புக்காரர்கள் "கொண்டகு, கொண்டகு" என்று மலைக்கு ஆள் பிடிக்க வழி மறித்தார்கள். மொட்டையடித்து சந்தனம் பூசிய குடும்பங்கள் சாரி சாரியாக நடந்துகொண்டிருந்தன. அவர்கள் எல்லோரும் மலையைப் பார்த்து நடக்க, நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் தகரப் பந்தலைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். அம்மாவும் அக்காவும் நானும் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். நைனா வரவில்லை. வெளியே நிறுத்திய வண்டியைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் கேட்க வேண்டும் என்று, பந்தலின் கடைசிக் கம்பத்தருகே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு கண் மேடையில், ஒரு கண் வண்டியில். காதுக்குள் ஜெனரேட்டர்.

ஐயர் குள்ளமான மனிதர், குரல் மட்டும் பெரிசு. பேச்சின் உச்சத்தில் மேடை விளிம்புக்கு வந்து கையை உயர்த்தி, "முந்து நம்மு! தர்வாத சூடு!" என்றார். தெலுங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் நம்பு, அப்புறம் பார். மைக் கொரகொரத்தது, ஜெனரேட்டர் தடதடத்தது, 'நம்மு'வில் முதலில் வரும் 'ந்' என்ற எழுத்து மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நைனாவின் காதுக்கு வந்து சேர்ந்தது 'அம்மு'. அம்மு என்றால் தெலுங்கில் விற்றுவிடு என்று அர்த்தம். நைனாவின் தெலுங்கு முழுக்க மண்டித் தெலுங்கு. கொனு என்றால் வாங்கு, அம்மு என்றால் விற்றுவிடு, இந்த இரண்டும்தான் நாள் முழுக்க அவர் காதில் விழும். நம்மு என்ற சொல் மண்டியில் புழங்காது. அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லையே.

கூட்டம் முடிந்து பந்தலுக்கு வெளியே டிபன் கேரியரைப் பிரித்தோம். நைனாவின் முகம் வெளுத்திருந்தது. புளிசாதத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆண்டவர் என்னாண்ட பேசிட்டாரு" என்றார். "முந்து அம்மு, தர்வாத சூடுன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு. மொதல்ல வித்துடு, அப்பறம் பாருன்னு."

அக்கா திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். அம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். பக்கத்திலேயே இருந்த நான் அதைப் பார்த்தேன்.

"எத்த விக்கிறது?" என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாதவள் போல.

"நம்மகிட்ட விக்கறதுக்கு வேற இன்னா இருக்குது?" என்று வண்டியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஆபிரகாமுக்கு ஈசாக்கு, எனக்கு ஸ்கூட்டர்."

மகனைப் பலியிடப் போன ஆபிரகாமுக்கு மலைமேல் கிடைத்ததைப் போலத் தமக்கும் கடைசி நேரத்தில் ஓர் ஆட்டுக்கடா கிடைக்கும் என்று அவர் ஒரு வாரம் காத்திருந்தார். வந்தது கேபிள் டிவிக்காரர். அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வயர் சுருளை முன்னால் போட்டுக்கொண்டு போக ஸ்கூட்டர்தான் வசதி என்று அவர் கேட்க, நைனா சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வண்டியைத் தினமும் சபித்துக்கொண்டிருந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் புரியவில்லை. பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பையன் பிறந்திருந்தான், அக்காவுக்குத் தம்பி. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. வேறு பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நைனா வீட்டுக்கு வந்து, காரியங்களை முடித்து, மறுவாரமே போய் ஸ்கூட்டருக்குப் பேர் பதிந்துவிட்டு வந்தாராம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த டம் டம் சத்தத்தை நினைத்து என்னால் முன்போலச் சிரிக்க முடியவில்லை. சிரிக்கிறேன், ஆனால் வேறு மாதிரி.

பக்கத்து வீட்டு அம்மாளுக்குத்தான் பெரிய ஏமாற்றம். திருப்பதிக்குப் போனவர்கள் லட்டு கொண்டுவரவில்லை என்று ஏற்கெனவே ஒரு வாரம் பேசாமல் இருந்தார். வண்டி போனதைக் கேட்டதும் ஓடி வந்து, "திருப்பதிக்குப் போனா எல்லாரும் முடியத்தான் குடுப்பாங்க. நீங்க இன்னா வண்டியவே குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

விற்றாரே தவிர, விட்டாரா? கேபிள்காரர் தெருவில் நுழையும்போதே சத்தத்தை வைத்து நைனாவுக்குத் தெரிந்துவிடும். சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடுவார். "சோக்கு! சோக்க உள்ள தள்ளு!" என்று கத்துவார். நிறுத்திவிட்டு அவர் கம்பம் ஏறினால், இவர் துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைப்பார். ஒருநாள் கம்பத்தின் மேலிருந்தே அந்த மனிதர் பொறுமை இழந்து, "அம்மேசாரு கதண்ணா! மீரே அம்மேசாரு கதா!" என்றார். நீங்கள்தானே விற்றுவிட்டீர்கள் அண்ணா, இன்னும் ஏன் என்று. நைனா துணியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அவன் சொல்றதும் ஞாயந்தான்" என்றார் அம்மாவிடம். அதன்பிறகு ஜன்னலோடு நிறுத்திக்கொண்டார்.

வண்டி போனதும் எங்களுக்கெல்லாம் கால் முளைத்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். வழியில் மாங்கூழ் பேக்டரியின் புளித்த இனிப்பு வாசனை, தோத்தாபுரி மாங்கொட்டைகள் மலைமலையாய், அதன் மேல் ஈக்கள். இதெல்லாம் அந்த ஊரில்தான் இருந்தது என்பதே எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. ஸ்கூட்டரில் எனக்கு நைனாவின் அதட்டல் மட்டும்தான் கேட்கும். அம்மா தனியாகச் சந்தைக்குப் போனாள். பேரம் பேசுவதில் தனக்கு இவ்வளவு திறமை இருக்கிறதென்று அவளே ஆச்சரியப்பட்டாள். அக்கா பங்காருபாளையத்துக்கு பஸ்ஸில் போய் வந்தாள். நைனா தினமும் மண்டியிலிருந்து வந்து தெருமுனையில் நின்றுகொள்வார். எங்கள் மூன்று தலையும் தெரிந்த பிறகுதான் அவருடைய சட்டைப் பித்தான் தளரும்.

சீசன் முடியும் தறுவாயில் ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அக்கா வரவில்லை. அவள் வரும் பெங்களூர் ரோட்டில் மாங்காய் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றன என்று யாரோ சொன்னார்கள். நைனா பழக்கதோஷத்தில் சாவிக்காகச் சட்டைப்பையைத் துழாவினார். இல்லை. தெருவுக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடியும் ஓடினார். தொப்பலாக நனைந்து வாசற்படியில் உட்கார்ந்தவர், தலையைக்கூடத் துவட்டாமல் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வழக்கம்போல ரூட்டு போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"ஆண்டவரே, என்னாண்ட வண்டி இல்ல. நீரே போய் கூட்டினு வாரும்."

அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், போ என்று அதட்டவில்லை. இருட்டும் நேரத்தில் அக்கா வந்தாள். லாரியிலிருந்து சிதறிய மாங்காய்களை ஜனங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம், இவளும் துப்பட்டா நிறையக் கட்டிக்கொண்டு, ஒன்றைக் கடித்துக்கொண்டே வந்தாள். "ஏன் எல்லாரும் மழையில உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றாள். நைனா அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். மறுநாள் காலையில் ஏஜெண்டிடம் போய், அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் சௌகரியம். ஆனால் நைனாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. அக்கா பம்பாய் போய் விமானம் ஏற வேண்டும், ரேணிகுண்டாவில் மத்தியான ரயில். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் திருப்பதியில் இறங்கி, அந்த ஐயரின் சர்ச்சிலேயே ஆராதனைக்குப் போய், சாட்சி சொல்லிவிட்டுத்தான் ரயிலேற்ற வேண்டும் என்றார். அம்மா எவ்வளவோ தட்டிக்கழிக்கப் பார்த்தாள். நேரமாகிவிடும் என்றாள், வயிற்றுவலி என்றாள், ஒன்றும் நடக்கவில்லை. டிரங்குப் பெட்டியோடு போய் உட்கார்ந்தோம். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சாட்சி நேரம் வந்தது. நைனா துவைத்த வேட்டியோடு முன்னால் போய் நின்று, மண்டித் தெலுங்கில் முழங்கினார். "ஐயகாரு செப்பினாரு, முந்து அம்மு, தர்வாத சூடு. நேனு அம்மேசினானு! தேவுடு சூப்பிஞ்சாடு!" நான் விற்றுவிட்டேன், தேவன் காட்டிவிட்டார் என்று. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "ஏமி அம்மினாவு நாயனா?" என்று கேட்டார். எதை விற்றாய் அப்பா?

"ஸ்கூட்டர்" என்றார் நைனா பெருமையாக.

ஐயர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பாவம், அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணா, நேனு அம்மு அனலேது" என்றார் மெதுவாக. "நம்மு அன்னானு. ந… நம்மு." அம்மு என்று சொல்லவில்லை, நம்மு என்றுதான் சொன்னேன் என்று. யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வெடித்தது, அடக்க முடியாமல் அதை "அல்லேலூயா" என்று மாற்றினார். அவ்வளவுதான், சபை முழுக்க அல்லேலூயாவும் சிரிப்புமாகக் கலந்து அடித்தது. நைனா நடுவில் நின்றுகொண்டு, உதட்டை மட்டும் அசைத்து, நம்மு, அம்மு, நம்மு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை டிரங்குப் பெட்டியைத் தூக்கியது. "சித்தூர் பஸ்ஸு எங்க நிக்குது பாரு. வீட்டுக்குப் போலாம்."

"நைனா" என்றாள் அக்கா.

"ஆண்டவர் என்னாண்ட ஒண்ணும் சொல்லல. ஜெனரேட்டரு சொன்னத கேட்டுக்கினு பொண்ண கடல் தாண்டி அனுப்பறேன்னு கெளம்பிட்டன். நான் ஒரு மட்டி. நட."

அம்மா பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். லட்டுப் பைகளோடு போய்க்கொண்டிருந்த மொட்டைத்தலைக் கூட்டம் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது.

"ஆண்டவரு சரியாத்தான் சொன்னாரு" என்றாள் அம்மா. "உங்க காதுக்கு எந்த பாஷ ஏறுமோ அந்த பாஷயில சொன்னாரு. நம்புடான்னு சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா? நம்பிட்டேன்னு சொல்லிட்டு அதே வண்டியில எங்க மூணு பேரையும் ஏத்தினு வீட்டுக்கு வந்திருப்பீங்க."

நைனா இழுப்பதை நிறுத்தினார்.

"வித்துட்டு இன்னா பாத்தீங்க? சின்னவ நடந்து போனா, வந்தா. நான் சந்தைக்குப் போனன், வந்தன். பெரியவ அந்த மழையிலயும் மாங்கா துன்னுக்கினு வந்தா. யாரு போய் கூட்டினு வந்தது? நீங்களா?"

அவர் பெட்டியைத் தரையில் இறக்கினார். பிறகு அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். "நீ முன்னால உக்காந்திருந்தியே. உனக்குக் காதுல சரியாத்தான விழுந்திருக்கும்?"

"எனக்கு வயித்துவலி" என்றாள் அம்மா. "ரயிலுக்கு நேரமாவுது, பெட்டியத் தூக்குங்க." எல்லாவற்றையும் விடச் சொன்ன அவள், அக்காவைக் கிள்ளிப் பிடித்த அந்த ரகசியப் பிடியை மட்டும் கடைசிவரை விடவே இல்லை. நைனாவும் அதன்பிறகு அதைக் கேட்டதில்லை.

ரேணிகுண்டாவில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நைனா ஜன்னல் கம்பியோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, பெட்டியைக் காலுக்கடியில் வை, விமானத்தில் கதவு ஓரம் உட்காராதே. ரயில் அசைந்தது. அவரும் நடந்தார். ரயில் வேகம் பிடித்தது. அவரும் ஓட ஆரம்பித்தார்.

"நைனா, கைய விடு!" என்று கத்தினாள் அக்கா.

"உன்ன கைவிட மாட்டேன்டீ!"

"ஐயோ, கைவிடச் சொல்லல நைனா, கைய விடச் சொல்றன்! பிளாட்பாரம் முடியுது!"

விட்டார். இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, பிளாட்பாரத்தின் சரிவில் நின்றார். அந்தக் கைகளை எதற்குத் தூக்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. டாட்டா சொல்வதாக இருந்தால் ஒரு கை போதும். கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் அப்படியேதான் நின்றிருந்தார். அம்மா போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சித்தூர் பஸ்ஸில் எங்களுக்கு டிரைவருக்குப் பின்சீட்டே கிடைத்தது. எனக்கு பயம், மறுபடியும் மானம் போகப்போகிறது என்று. பஸ் ஊரைத் தாண்டியது. வெயில் சாய்ந்து, ஜன்னல் வழியாகக் காய்ந்த நிலத்தின் அனல் குறைந்து காற்று வந்தது. எதிரே எருமைக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார், எல்லோரும் முன்னால் போய் முட்டிக்கொண்டோம். டம் என்ற சத்தம் மட்டும் வரவில்லை.

குனிந்து பார்த்தேன். நைனா வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். கால் அதன் பாட்டுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மாவின் தோளில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிவிடாதே என்று அம்மா என்னிடம் கண்ணைக் காட்டினாள்.

அன்று சித்தூர் வரைக்கும் பஸ்ஸை டிரைவரே ஓட்டினார்.